பூசைக்குப் போன சைக்கிள்

எஸ்டேட் ஜீப்பின் முன்மூடியைத் திறந்து ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அருள்சாமியின் பக்கத்தில் பால்வண்டியை நிறுத்திய அண்ணாதுரை, இறங்காமலே கேட்டார்.

“ஏனுங்க டிரைவரே, செம்மநத்தத்துல உங்களுக்குச் சொந்தக்காரங்க ஆராச்சும் இருக்காங்களா?”

“இல்லீங்களே. ஏனுங்க?”

“ஒண்ணுமில்லீங்க. உங்கூட்டம்மாவ அந்த ரோட்டுல பாத்தனுங்க. சைக்கிள்ல போனாங்க. நாலஞ்சு வாட்டி பாத்துட்டேன். காலைல ஆறு, ஆறே காலு இருக்கும்.”

வண்டியைக் கிளப்பும்போது அவர் முகத்தில் இருந்த கரிசனம்தான் அருள்சாமியைக் குடைந்தது. ரேடியேட்டர் நிரம்பி, தண்ணீர் வழிந்து அவன் செருப்பை நனைத்தது.

ஆறு மணிக்கு அவன் மனைவி மரியசெல்வி மாதா கோயில் பூசைக்குப் போகிறாள். ஆகஸ்ட் மாதத்திலிருந்து தினமும் போகிறாள். ஜூனில் மகள் அமலி நர்சிங் படிக்கச் சேலத்து ஹாஸ்டலுக்குப் போனதும், பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கொடுத்த சைக்கிள் வீட்டு ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. “நடந்து போனா பூசைக்கு லேட்டாவுதுங்க, ட்யூப் மாத்திக் குடுங்க” என்று மரியசெல்விதான் கேட்டாள். அவன்தான் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் மாற்றிக்கொண்டு வந்தான். நாற்பது வயதில் சைக்கிளா என்று சிரித்தான். ஓமலூர்ப் பக்கம் பிறந்தவள், சின்ன வயதிலேயே ஓட்டப் பழகியவள். ஏறி உட்கார்ந்து எஸ்டேட் கேட் வரைக்கும் போய்த் திரும்பியபோது அவள் சிரிக்கவில்லை. அது இப்போதுதான் அவனுக்கு நினைவுக்கு வந்தது.

அன்று சாயங்காலம் அவன் அவளைக் கவனித்துக்கொண்டே இருந்தான். எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை முடிந்து வந்தவள் சும்மா உட்காரவே இல்லை. அலமாரியில் இருந்த டப்பாக்களை இறக்கித் துடைத்து அதே வரிசையில் அடுக்கினாள். கதவைத் திறந்து வெளியே நின்றாள், உள்ளே வந்தாள், மறுபடி திறந்தாள். ஜூன் மாதத்திலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கிறாள். மகள் ஞாபகம் என்று அவன் விட்டுவிட்டான். சாப்பிடும்போது முன்னைவிட ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். கெண்டைக்கால் இறுகியிருந்தது. குதிகாலில் செம்மண் காய்ந்திருந்தது. கோயிலுக்குப் போகிற வழி முழுக்கத் தார் ரோடு.

செம்மநத்தம் வழியில் இருக்கும் ஆண்களை அவன் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான். மிளகு வியாபாரி, போன வருஷம் பெண்டாட்டி செத்துப்போன கங்காணி, புதிதாக வந்திருக்கும் பள்ளிக்கூட வாத்தியார். எல்லோரும் அவன் ஜீப்பில் எப்போதோ ஏறியிறங்கியவர்கள்தான். இப்போது எல்லோர் முகமும் மாறிப்போயிருந்தது.

வியாழக்கிழமை எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரிடம் ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனான். கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அமலியின் பழைய சுடிதார், துப்பட்டாவைக் குறுக்காக இழுத்து இடுப்பில் முடிந்திருந்தாள். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ரோடு ஒடுங்கிப் போனது. பனி சில்வர் ஓக் மரங்களின் பாதி வரைக்கும் இறங்கியிருந்தது. இறக்கங்களில் அவன் இஞ்சினை நிறுத்தி ஓசையில்லாமல் உருண்டான். ஏற்றங்களில் வளைவுக்கு இந்தப் பக்கமே காத்து நின்றான். அவள் இறங்கித் தள்ளுவாள் என்று நினைத்தான். அவள் பெடலின்மேல் எழுந்து நின்று, உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, கியர் இல்லாத அந்தக் கனத்த சைக்கிளை மேட்டில் ஏற்றினாள். அவனுக்கு இருபது வருஷமாகத் தெரிந்த உடம்பு அது. அது இப்படியெல்லாம் செய்யும் என்று அவனுக்குத் தெரியாது.

தோட்டங்கள் முடிந்து வெளி விரிந்தது. அலையலையாக ஏறியிறங்கும் மேட்டு நிலங்கள், அறுத்த சாமைத் தாள், அவரைப் பந்தல், ராகிக் கதிரின் பழுப்பு. ஒவ்வொரு வீடு வரும்போதும் இங்கேதான் நிற்பாள் என்று அவன் பிரேக்கைப் பிடித்தான். வாத்தியார் வீட்டைக் கடந்தாள். கங்காணி வீட்டைக் கடந்தாள். மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி கையைத் தூக்க, இவள் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனாள். செம்மநத்தமும் பின்னால் போயிற்று. தார் முடிந்து மண்பாதை ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்தி ஒரு காலை ஊன்றினாள். பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். யாரும் வரவில்லை. அவள் யாரையும் தேடவும் இல்லை. அரை நிமிஷம் இருக்கும். சைக்கிளைத் திருப்பி, வந்த வழியே மிதிக்க ஆரம்பித்தாள்.

ஒரு புதருக்குப் பின்னால் பைக்கோடு ஒதுங்கி நின்ற அருள்சாமிக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒருத்தன் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம். இவ்வளவு தூரம் வந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புகிறவளை என்ன செய்வது?

திரும்பும்போது பெரிய இறக்கத்தில் அவள் பறந்தாள். கண்ணில் இருந்து மறைந்துவிடுவாளோ என்ற பதற்றத்தில் அவனும் இஞ்சின் இல்லாமலே பைக்கை விட்டான். வளைவில் ஈரச் சருகு. பின் சக்கரம் வழுக்கியது. விழுந்த சத்தம் எதிர் மேட்டில் போய் இடித்துத் திரும்பி வந்தது.

கீழே சைக்கிள் நிற்பது கேட்டது. பிறகு அதைத் தள்ளிக்கொண்டு அவள் ஏறி வருவது தெரிந்தது. அவனைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். அவன் காலின்மேல் கிடந்த பைக்கைத் தூக்கி ஓரத்தில் சாய்த்தாள். அவன் இடது மணிக்கட்டு அதற்குள் வீங்கியிருந்தது. துப்பட்டாவை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள்.

“எத்தன நாளா பின்னால வர்றீங்க?”

“இன்னைக்குத்தான்.”

“ஆராச்சும் இருப்பாங்கன்னு நெனச்சீங்களா?”

அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆருமில்லீங்க” என்றாள், கடையில் சாமான் தீர்ந்துபோனதைச் சொல்வதுபோல.

“அப்பறம் எதுக்குப் பூசைக்குப் போறேன்னு பொய் சொன்ன?”

“செம்மநத்தம் போறேன்னா எதுக்குன்னு கேப்பீங்க. பூசைக்குன்னா கேக்க மாட்டீங்க.”

“இப்பக் கேக்கறேன். எதுக்கு?”

“தெரியலீங்க. ஊட்டுல உக்காந்தா இங்க என்னமோ ஓடிக்கிட்டே இருக்குதுங்க.” நெஞ்சைத் தொட்டாள். “சைக்கிள்ல ஏறுனா அது நின்னுருது. எறங்குனா மறுபடி ஓடுது. நொம்ப நாளா இருந்திருக்கும்போல. புள்ள இருந்தப்பத் தெரியல.”

மேலே வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. மரியசெல்வி நடுரோட்டில் போய் நின்று கையைக் காட்டினாள். பஸ் நின்றது. ஜன்னல்களில் முகங்கள் முளைத்தன. கண்டக்டர் இறங்கி வந்து அவன் கையைப் பார்த்து, “ஏறுங்க, டவுன் ஆஸ்பத்திரில எறக்கி விட்டுர்றேன்” என்றார்.

“சைக்கிள இங்க ஆரூட்டுலயாச்சும் வுட்டுட்டு நீயும் ஏறு” என்றான் அருள்சாமி.

அவள் சைக்கிளைப் பார்த்தாள். “நீங்க போங்க. நான் பின்னாலயே வந்துர்றேன்.”

“மரியா.”

“வந்துர்றனுங்க.”

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். பஸ் புறப்பட்டது. கையைவிட வேறெங்கோ அதிகமாக வலித்தது. அடிபட்ட புருஷனைத் தனியாக பஸ்ஸில் ஏற்றிவிட்டுச் சைக்கிளில் வருகிறவள் இந்த மலையில் எவளாவது இருப்பாளா? திரும்பிப் பார்க்கக் கூடாது என்று முன்சீட்டுக் கம்பியையே வெறித்தான்.

அடுத்த நிறுத்தத்தில் பீன்ஸ் மூட்டைகள் இருந்தன. கண்டக்டரும் இன்னும் இரண்டு பேரும் மேலே ஏற்றினார்கள். நாலாவது மூட்டை ஏறும்போது ஜன்னலுக்கு வெளியே மூச்சு வாங்குவது கேட்டது. மரியசெல்வி அவனை உரசுகிற தூரத்தில் கடந்து போனாள். முகம் சிவந்து, வாய் திறந்திருந்தது. பார்வை முன்னால் இருந்த ரோட்டில்.

பஸ் கிளம்பி, அடுத்த ஏற்றத்தின் நடுவில் அவளைப் பிடித்தது. ஒரு பக்கம் கல்கட்டு, இன்னொரு பக்கம் ஓடை. ஒதுங்க இடமில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் இறங்கவில்லை. மறுபடி அடித்தார்.

“ஆருப்பா இந்தம்மா, காலங்காத்தால” என்றார் டிரைவர். பின்னால் யாரோ சிரித்தார்கள். “எஸ்டேட் ஆயாவாட்டம் இருக்குது” என்றது ஒரு பெண்குரல்.

அருள்சாமி எழுந்தான். நல்ல கையால் கம்பிகளைப் பற்றிப் பற்றி முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் நின்றான். அவர் கை மூன்றாவது தடவையாக ஹாரனுக்குப் போனது.

“அடிக்காதீங்கண்ணா.”

“ஏன், தெரிஞ்சவங்களா?”

“எங்கூட்டுக்காரிங்க.”

டிரைவர் அவனை, அவன் கையில் கட்டியிருந்த துப்பட்டாவை, பிறகு ரோட்டைப் பார்த்தார். முதல் கியருக்கு மாற்றினார். பஸ் முனகிக்கொண்டு நடைவேகத்தில் ஊர்ந்தது. பேச்சு அடங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முதுகு முழுக்க வேர்த்து நனைந்திருந்தது. பெடலின்மேல் நின்று இடமும் வலமும் அசைந்து ஏறிக்கொண்டிருந்தாள். மேட்டின் உச்சியைப் பனி மூடியிருந்தது. அருள்சாமியின் வலது கால், அவனை அறியாமல், பஸ்ஸின் தகரத் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.