பார்சல் கட்டிய காட்டுப் பை

உலகத்தில் எதைப் பார்த்தாலும் அதை உடையாமல் ஊர் போய்ச் சேர வேண்டிய சாமானாகவே பார்க்கிற ஆள் ஒருவர் உண்டென்றால், அது அவளுடைய அப்பாதான். கண்ணாடிச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் பேக்கிங் பகுதிக்கு இருபத்திரண்டு வருஷமாக அவர் பொறுப்பு. அங்கே அவருக்குப் பெயரே பார்சல். வாட்ச்மேன்கூட "பார்சல் சார் வந்தாச்சு" என்றுதான் கேட்டைத் திறப்பான். மனிதருக்கு அதில் பெருமை வேறு.

புதன்கிழமை சாயங்காலம் அந்தப் பெருமை மொத்தமும் சாப்பாட்டு மேஜை மேல் பரப்பி வைக்கப்பட்டிருந்தது. தார்ப்பாய், கயிறு, விசில், டார்ச், மடக்குக் கத்தி, மெழுகில் தோய்த்த தீக்குச்சி, தண்ணீரைச் சுத்தப்படுத்துகிற மாத்திரை, காயத்துக்குக் கட்டுகிற துணி, மிட்டாய்க் காகிதம் மாதிரி மினுமினுக்கும் ஒரு போர்வை, நாலு பாக்கெட் பிஸ்கட். அவள் படிக்கிற பதினொன்றாம் வகுப்பை மூன்று நாள் காட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். காட்டில் வழி தவறினால் பிழைத்துக் கிடக்க ஒவ்வொருவரும் ஓர் அவசரப் பை கட்டி எடுத்து வர வேண்டும் என்று பள்ளிக்கூடம் அச்சடித்துக் கொடுத்த பட்டியல் அது. வியாழன் சாயங்காலம் பையைச் சோதிப்பார்களாம். பை தேறாவிட்டால் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் இடம் இல்லை.

அந்தக் கடைசி வரியை மட்டும் அவள் பத்துத் தடவை படித்திருந்தாள்.

அப்பா டார்ச்சைக் கையில் எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்த்தார்.

"பாப்பா, இது எத்தன கை மாறும்?"

"எது?"

"இந்தப் பை. ஏத்தறவன், எறக்கறவன், நடுவுல தூக்கி அடிக்கறவன். எத்தன பேரு?"

"யாரும் இல்லப்பா. நான் முதுகுல மாட்டிட்டுப் போவேன்."

"அப்ப நீதான் தூக்கி அடிப்ப," என்றார், ரொம்ப யோசித்துக் கண்டுபிடித்தவர் மாதிரி.

பதினாறு வயதுப் பெண்ணைப் பாப்பா என்று கூப்பிடுகிற வீட்டில் வேறென்ன எதிர்பார்க்க முடியும். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர். கெத்து. அதை அவளே சம்பாதித்தாள். எந்தப் பேச்சிலும் எல்லாரையும்விட ஒரு படி மேலே போய் நிற்பாள். முகாமில் இரண்டாம் நாள் ராத்திரி ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனி இடத்தில், மற்றவர் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், அந்த ஒரே பையோடு விடிகிறவரை இருக்க வேண்டும் என்று விளையாட்டு மாஸ்டர் சொன்னபோது மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவள்தான் எழுந்து, "ஒரு ராத்திரிதானா சார், ரெண்டு போடுங்க," என்றாள். சிரிப்பும் கைதட்டலும் கூரையைப் பிய்த்தன. உட்காரும்போதே அந்த ராத்திரியை எப்படித் தட்டிக் கழிப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஏனென்றால் கெத்து இன்னமும் குளியலறை விளக்கைப் போட்டு, கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். போன மாதம் கரண்ட் போய், லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நாலு நிமிஷம் நின்றது. உள்ளே அவள் ஒருத்தி. வெளியே வந்தபோது புத்தகப் பையின் வார் ஈரமாக, பல் தடத்தோடு இருந்தது. நாய் கடித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாள். எந்த நாய் என்று அம்மா கேட்கவில்லை. பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறவள், வீட்டுப் பல்லைப் பற்றி விசாரிக்கத் தெம்பில்லாமல் போயிருக்கும்.

போக மாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் கெத்து செத்தது. ஆனால் பை தேறாமல் போனால்? அது அவள் தப்பில்லையே. அப்பன் கட்டிய லட்சணம் அப்படி என்று தோளைக் குலுக்கிவிட்டு வீட்டில் இருந்துவிடலாம்.

அதனால்தான் அவள் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அப்பா அந்தப் பையை நாசமாக்குவதை வாயே திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்சலுக்கு நாலு விதி. கனமானது அடியில். கூரானது நட்ட நடுவில். இடைவெளி கூடாது. குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. கத்தியை எடுத்துக் காயத்துணியில் சுருட்டினார். அதைப் போர்வையில் சுருட்டினார். சுற்றிலும் பிஸ்கட்டை அணை கட்டினார். டார்ச், கயிறு, விசில், தீக்குச்சி, மாத்திரை எல்லாம் பிஸ்கட்டுக்கு நடுவில் போயின. மேலே தார்ப்பாய். அதற்கும் மேலே, உடைகிற சாமானுக்குச் சுற்றுகிற குமிழ்த் தாள், அப்புறம் இழுத்து இழுத்து ஒட்டும் பிளாஸ்டிக் சுருள் பதினாலு சுற்று. போதாததற்கு, தொழிற்சாலையில் மிஞ்சிய பிளாஸ்டிக் பட்டையைக் குறுக்கும் நெடுக்கும் போட்டு, இரும்பு கிளிப்பை இடுக்கியால் நெரித்தார். கடைசியில் அது பையே இல்லை, செங்கல். அந்தச் செங்கல்லை முதுகுப்பைக்குள் இறக்கி ஜிப்பை மூடினார்.

காட்டில் ஓர் ஆள் எப்போது கத்தியைத் தேடுவான், எப்போது காயத்துணியைத் தேடுவான் என்ற யோசனை அந்தத் தலைக்குள் எட்டியே பார்க்கவில்லை. அவர் வேலை சாமான் போய்ச் சேருகிறவரைதான். பிரிக்கிறது வாங்கினவன் பாடு.

அம்மா வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏங்க, அவ காட்டுக்குப் போறாளா, கப்பல்ல போறாளா?"

"எங்க போனாலும் ஒண்ணும் ஆகாது," என்றார் அப்பா.

"அவளுக்கா, பிஸ்கட்டுக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

அவர் பையைத் தூக்கிக் குலுக்கினார். சத்தமே இல்லை. கண்ணை மூடி, ஏதோ பாட்டுக் கேட்பது மாதிரி அந்தச் சத்தமில்லாததைக் கேட்டார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சூப்பர்ப்பா," என்றாள். அவர் அதையும் நம்பினார்.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூட ஹாலில் நாற்பது பிள்ளைகள், நாற்பது பை. பெற்றவர்கள் சுவரோரமாக நின்றார்கள். சோதிக்கிறவர் விளையாட்டு மாஸ்டர். பிள்ளைகள் வைத்த பெயர் விசில், கழுத்தில் அது இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. காட்டை அவர் எத்தனை தடவை பார்த்திருப்பாரோ, பேச்சைக் கேட்டால் அங்கேயே பிறந்தவர் மாதிரிதான்.

"காடு உன்ன மன்னிக்காது," என்று ஆரம்பித்தார். பத்து நிமிஷத்தில் அதையே மூன்று தடவை சொன்னார்.

பைகளோ ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. அவளோடு எப்போதும் போட்டி போடுகிற, எல்லாரும் பட்டு என்று கூப்பிடுகிற பெண்ணின் பையிலிருந்து முடியை நேராக்குகிற கருவி ஒன்று விழுந்தது.

"இத எங்க செருகுவ? மரத்துலயா?" என்றார் விசில்.

"சார்ஜ் போட்டுட்டேன் சார்."

இன்னொருவன் ஊதுகிற தலையணை மட்டும் மூன்று வைத்திருந்தான். விசிலின் சோதனை அதற்கு மேல் லட்சணம். பையை மாடிப்படியின் முதல் தளத்திலிருந்து கீழே போடுவார். பிறகு தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுப்பார். டார்ச் உடைந்தது, பிஸ்கட் கூழானது, ஒரு பையின் வாரே கையோடு வந்துவிட்டது. விசிலுக்கு உள்ளூரச் சந்தோஷம். ஒவ்வொன்றும் உடையும்போது முகத்தில் வெளிச்சம் கூடியது. எல்லாரையும் போனால் போகிறதென்று காலையில் மாற்றி எடுத்து வரச் சொன்னார்.

பிறகு அவள் பையைப் போட்டார். அது தொம் என்று விழுந்து, விழுந்த இடத்திலேயே நின்றது. முக்கினார். ஜிப்பைத் திறந்து உள்ளே விரலால் தட்டினார். ஈரம் வெளியேதான். மறுபடி போட்டார், இந்தத் தடவை கோபத்தோடு. ஒன்றும் ஆகவில்லை.

"இது யாரு கட்டுனது?"

சுவரோரமாக அப்பா கையைத் தூக்கினார், ஆஜர் சொல்கிற பையன் மாதிரி.

"பாருங்கடா. இதுதான் பை," என்றார் விசில். "ரெண்டாவது நாள் ராத்திரி ஆளுக்கு ஒரு எடம்னு சொன்னேன்ல? எல்லாத்துக்கும் கடைசில, ஓடைக்கு அந்தாண்ட ஒரு எடம் இருக்கு. அது கெத்துக்கு."

எல்லாரும் ஓ என்றார்கள். அப்பா பல் தெரியச் சிரித்தார். அவள் அந்த இடத்தை நினைத்துப் பார்த்தாள். ஓடைக்கு அந்தப் பக்கம். ஒரு சாண் கதவும் கிடையாது, குளியலறை விளக்கும் கிடையாது.

நாற்பது பையைத் தூக்கிப் போட்ட அந்த ஆளுக்கு ஒரு பையையாவது திறந்து ஒரு சாமானை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அப்பாவுக்கு ஏற்ற மாஸ்டர். நாக்கு அவளை முந்திக்கொண்டது.

"சார், காயம் பட்டா துணி எடுக்கணும்ல? எவ்வளவு நேரத்துல எடுக்கலாம்னு பாக்கலையா?"

விசிலுக்கு அது தன் யோசனை மாதிரியே பட்டது. "அதத்தான் சொல்ல வந்தேன். ஒரு நிமிஷம். எடு பாக்கலாம்."

"அப்பாவே எடுத்துக் காட்டட்டும் சார். அவர்தான கட்டுனாரு."

சொல்லும்போது அவள் அப்பாவைப் பார்க்கவில்லை.

அவர் வந்தார். செங்கல்லை வெளியே எடுத்தார். கை தானாக இடுப்புக்குப் போனது. தொழிற்சாலையில் அங்கே ஒரு கயிற்றில் பட்டை வெட்டுகிற கட்டர் தொங்கும். அது கேட்டைத் தாண்டக் கூடாது என்பது அங்கே சட்டம். நகத்தால் சுரண்டினார். பட்டை அசையவில்லை. பல்லால் கடித்தார். விசில் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "முப்பது செகண்ட்," என்றார்.

"யாராவது ஒரு கத்தி இருந்தா குடுங்க," என்றார் அப்பா.

"பட்டியல்ல கத்தி இருக்கே சார். உங்க கத்தி எங்க?" என்றார் விசில்.

அப்பா செங்கல்லை விரலால் தட்டினார். "உள்ள இருக்கு," என்றார்.

முதலில் ஒருவன் களுக்கென்றான். அப்புறம் கூரை பிய்ந்தது. பட்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சுவரோரமாக நின்ற அப்பாக்கள்கூட வாயைக் கையால் மூடிக்கொண்டார்கள். அவளும் சிரித்தாள், எல்லாரையும்விட ஒரு படி மேலே. "எங்க அப்பா கட்டுனா எறும்புகூட உள்ள போக முடியாது சார், நானும் காட்டுக்குப் போக முடியாது," என்றாள். அதற்கும் ஒரு சிரிப்பு கிடைத்தது.

'இதுதான் பை' என்று காட்டிய பையே காலை வாரிவிட்ட கோபத்தில், மாற்றி எடுத்து வா என்றுகூடச் சொல்லாமல், விசில் தாளை எடுத்து அவள் பெயர் மேல் சிவப்புக் கோடு போட்டார். காரணம் என்ற கட்டத்தில் 'பை தகுதியில்லை' என்று எழுதினார். முடிந்தது. அவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். உள்ளே நெஞ்சு சட்டென்று லேசானது.

ஆனால் அப்பாவுக்குத்தான் எதையும் அதோடு விடத் தெரியாதே. கையில் செங்கல்லை வைத்துக்கொண்டு விசில் முன்னால் போய் நின்றார்.

"சார், எங்ககிட்ட ரிட்டன் வந்தா அன்னிக்கே பிரிச்சுக் கட்டித் திருப்பி அனுப்பிடுவோம். அரை மணி நேரம் குடுங்க. புள்ள ஆசப்பட்டுட்டா."

விசில் சலித்துக்கொண்டு தலையாட்டினார். அப்பா ஆபீஸில் போய்க் கத்தரிக்கோல் வாங்கி வந்தார். ஹால் நடுவில், தரையில், நாற்பது பேருக்கு முன்னால் உட்கார்ந்து பட்டையை வெட்டினார். "பார்சல் சார், ஒரு டீ பார்சல்," என்று பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். அந்தப் பெயர் எப்படித்தான் அவன் காதுக்குப் போனதோ. அவள்தான் ஏதோ ஒரு நாள் கேலியாகச் சொல்லியிருப்பாள்.

வெட்கம் கெட்ட ஜென்மம் என்று நினைத்துக்கொண்டே போய் எதிரில் குந்தினாள். கிளம்பலாம்ப்பா என்று சொல்லத்தான் போனாள்.

அப்பா நிமிரவில்லை. "பாப்பா, நான் தப்பா கட்டிட்டேன். நீ பிரிப்பேங்கறதையே மறந்துட்டேன். இப்ப சொல்லு. அங்க இருட்டுன உடனே மொதல்ல உனக்கு எது கைக்கு வரணும்? அத மேல வெச்சுடறேன்."

அப்போதுதான் அவருடைய காதைப் பார்த்தாள். இரண்டு காதும் அறை வாங்கின மாதிரி சிவந்திருந்தன. கத்தரிக்கோல் பட்டையில் சரியாகப் பதியாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. கண்ணாடி டம்ளரைத் தூக்கத்தில்கூடக் கட்டுகிற கை அது. பின்னால் நடக்கிற அத்தனை சிரிப்பும் அந்தக் காதுக்குள் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் உட்கார்ந்திருந்தார், அவள் ஆசைப்பட்டுவிட்டாள் என்று.

அந்த நிமிஷம் அந்த ஹாலில் எவரையும்விடக் கேவலமாக அவளுக்குத் தெரிந்தது அவளேதான்.

"எது வேணும், சொல்லு. டார்ச்சா?"

"டார்ச் எவ்வளவு நேரம் எரியும்?"

"அஞ்சு மணி நேரம்."

"விடியறவரைக்கும் எரியாதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் மெதுவாகத்தான் அவருக்கு எதுவும் புரியும். புரிந்தது.

"எனக்குப் பயமா இருக்குப்பா. நான் போகல. மொதல்லேந்தே போகக் கூடாதுன்னுதான் நீங்க கட்டறப்ப பாத்துட்டே இருந்தேன்."

அவர் திரும்பி ஹாலைப் பார்த்தார். பிறகு குரலை ரொம்பத் தாழ்த்தி, "சத்தமா சொல்லாத. அதான் பை சரியில்லன்னு எழுதிட்டாரே. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்," என்றார்.

அப்படியே இருந்திருக்கலாம். கெத்தும் சாகாது. ஓடைக்கு அந்தப் பக்கமும் போக வேண்டாம். சிரிப்பு முழுக்க அவர் தலையில் போய்விடும், அதையும் அவர் வாங்கிக்கொள்வார்.

அவள் எழுந்து விசிலின் மேஜைக்குப் போனாள்.

"சார், அந்தக் காரணத்த அடிச்சிடுங்க. பைய அவரு மாத்திக் கட்டிட்டிருக்காரு. அது தேறும்."

"அப்ப வர்றியா?"

"இல்ல சார். எனக்கு இருட்டுன்னா பயம். ராத்திரி தனியா இருக்க முடியாது. அதையே எழுதுங்க."

பட்டுவின் சிரிப்பு முதலில் கேட்டது, அப்புறம் மற்றவர்களுடையது. டீ பார்சல் கேட்டவன் இப்போது வேறென்னவோ சொன்னான். அவளுக்குக் காது இரண்டும் எரிந்தன. இவ்வளவு எரியும் என்று இதற்கு முன் அவளுக்குத் தெரியாது.

விசில் பேனாவைத் திறந்து, அவளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நெசமாவே எழுதட்டுமா?"

"எழுதுங்க சார்," என்றாள். அவர் எழுதி முடிக்கிறவரை அங்கேயே நின்றாள்.