பாலைவனத்துக்கு இருபத்தொரு குறிப்புகள்

பத்மநாதன் அண்ணை ஆர்வி வாங்கிய செய்தி, ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தின் பதினாறு மாடிகளுக்கும் எலிவேற்றரை முந்திக்கொண்டு ஏறி இறங்கியது. ஆர்வி என்றால் வீடும் வாகனமும் ஒன்றாகச் சேர்ந்த சாமான். முன்னுக்கு ஸ்டியரிங், நடுவில் குசினி, பின்னுக்குக் கட்டில், மூலையில் கக்கூஸ். பிறம்ரனில் ஒரு லொறி யார்டில் பழசாகக் கிடந்ததை வாங்கி, கூட்டாளி அருள்நாயகத்தின் வெயார்ஹவுஸ் வளவில் நிறுத்தி வைத்திருந்தார். அது 2008 ஒக்டோபர். வேலையிலிருந்து ஓய்வு எடுத்தாயிற்று, வருகிற பங்குனியில் மனைவி பாலேஸ்வரி அக்காவையும் கூட்டிக்கொண்டு அரிசோனாப் பாலைவனத்தில் ஒரு மாதம் இருக்கப்போவதாக ஏற்பாடு. வெள்ளைக்காரர் எல்லாம் வயது போனால் அப்படித்தான் செய்கிறார்களாம்.

முதலில் ஒரு நாள் ஒத்திகை பார்த்தார்கள். அந்த வெயார்ஹவுஸ் வளவிலேயே ஆர்விக்குள் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்து எழும்புவது. பாலேஸ்வரி அக்கா இடியப்ப உரல், புட்டுப் பானை, மிக்ஸி, முருகன் படம் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு சட்டி மீன் கழுவினார். அரிசியை ஐந்து தரம் களைந்தார். பிறகு சட்டி கழுவினார். பிறகு சட்டி கழுவிய தொட்டியைக் கழுவினார். ஒரு கிழமைக்கென்று நிரப்பிய தண்ணீர் பின்னேரம் மூன்று மணிக்கு முடிந்துவிட்டது. முகம் கழுவவும் வழியில்லாமல் இரண்டு பேரும் மீன் மணத்தோடு வீடு வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த நாளே பத்மநாதன் அண்ணை ஒன்பதாம் மாடியிலிருந்து பதினாலாம் மாடிக்கு, எங்கள் வீட்டுக்கு, ஒரு கொப்பியோடு ஏறி வந்தார்.

"றவூப் நானா, நீங்கள்தான் வழி சொல்லவேணும். பாலைவனத்தில சீவிக்கிறது எப்பிடி?"

றவூப் என் கணவர். (எழுதுவதால் பெயர் சொல்கிறேன். வீட்டில் 'இஞ்சேருங்கோ'தான்.) பத்மநாதன் அண்ணை அவரைவிட எட்டு வயது மூத்தவர். ஆனாலும் சோனகர், அதாவது எங்கள் முஸ்லிம் ஆம்பிளைகள், எல்லாரும் அவருக்கு நானாதான், அண்ணன்தான். றவூப்பின் வேலை கட்டடங்களுக்கு ஹீட்டர் திருத்துவது. குளிரைப் பற்றிக் கேட்டால் சாப்பாட்டையும் மறந்து கதைப்பார். பாலைவனத்தைப் பற்றி இவரிடம் ஏன் கேட்கிறார் என்று தேநீர் ஊற்றிக்கொண்டே யோசித்தேன்.

"எனக்கு என்ன அண்ணை தெரியும்?" என்றார் றவூப்.

"சும்மா பம்மாத்து விடாதேங்கோ. உங்கட ஆக்களுக்குப் பாலைவனம் ரத்தத்தில ஊறின விசயமெல்லோ!"

எங்கட ஆக்கள்! நாங்கள் யாழ்ப்பாணம் சோனகத் தெரு. அவர் வண்ணார்பண்ணை. இடையில் சைக்கிளில் பத்து நிமிடம். றவூப்பின் வாப்பாவின் தையல் கடையில் பள்ளிக்கூடக் காற்சட்டை தைத்துப் போட்டவர் அவர். எங்கள் பெருநாளுக்கு வட்டிலப்பம் சாப்பிட்டு இரண்டாம் தரமும் கேட்டவர். அரேபியா எங்களுக்கு எவ்வளவு தூரமோ அவருக்கும் அவ்வளவு தூரம். நான் அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். றவூப் கண்ணால் தடுத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

"தண்ணிக் கானில நாளுக்கு ஒரு கோடு கீறி வையுங்கோ. என்ன நடந்தாலும் அண்டைய கோட்டுக்குக் கீழ இறங்கக் கூடாது. சட்டியை முதல்ல பழைய பேப்பரால துடைச்சுப்போட்டுக் கழுவுங்கோ. அரிசி களைஞ்ச தண்ணியில மரக்கறி கழுவலாம், அந்தத் தண்ணியில கால் கழுவலாம்."

"கொஞ்சம் மெதுவா நானா, எழுதுறன்."

"வாசல் மேற்குப் பாக்கக் கூடாது, பின்னேர வெயில் உள்ளுக்க வந்து குந்திக்கொள்ளும். சமையலை விடிய முன்னம் முடிச்சுப்போடுங்கோ, அதுவும் வெளியில. உள்ளுக்க அடுப்பு மூட்டினா அந்தச் சூடு படுக்கிற நேரமும் போகாது. ஜன்னலில சாக்கை நனைச்சுத் தொங்க விடுங்கோ. செருப்பைத் தட்டாமல் கால் விடாதேங்கோ, தேள் கிடக்கும்."

அவர் எழுதினார், எழுதினார், அப்படி எழுதினார். நான் குசினி வாசலில் நின்று கேட்டேன். ஒவ்வொரு குறிப்பும் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்துச் சோனகர் எல்லாரையும் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னது துவக்கு ஏந்திய தமிழ் இயக்கம். உடுத்த உடுப்போடு புத்தளத்துக்குப் போய், உவர் மண்ணில் கிடுகுக் கொட்டில் போட்டுப் பதினொரு வருசம் இருந்தோம். எங்கள் மகன் றம்ஸி அந்தக் கொட்டிலில்தான் பிறந்தான். அவன் வெக்கையில் அழுதபோதுதான் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டோம். தேள் கடித்தது எனக்கு.

'உதெல்லாம் எங்க பழகினனீங்கள்?' என்று ஒரே ஒரு கேள்வி. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். மன்னிப்பு அல்ல. பத்மநாதன் அண்ணை எங்களைத் துரத்தவில்லையே. ஆனால் யாழ்ப்பாணத்து மனிசர் ஒருவர் அதைக் கேட்கவேண்டும், நான் பதினொரு வருசம் என்று வாயால் சொல்லவேண்டும். ரொறன்ரோவுக்கு வந்த ஏழு வருசமும் அதற்காகத்தான் காத்திருந்தேன். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்கள்: 'நான் எண்பத்தாறிலயே வந்திட்டன்.' எண்பத்தாறில் கனடாவுக்கு வந்ததாகச் சொல்கிறவர்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால், அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு காகம்கூட மிஞ்சியிருக்க நியாயமில்லை.

பத்மநாதன் அண்ணை கொப்பியை மூடினார். "நபிமார் காலத்து அறிவு நானா!" என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

"கேட்டாரா?" என்றேன் கதவைச் சாத்திவிட்டு.

"உவையள் கேக்கமாட்டினம் ஸகீனா. நீர் ஏன் வீணா நெஞ்சைப் போட்டு அடிக்கிறீர்? விடும்."

றவூப் எல்லாவற்றையும் விடுவார். நான் விடமாட்டேன். எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு அப்படி.

தைப்பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பத்மநாதன் அண்ணை கட்டடத்தின் பார்ட்டி ஹோலில் கூட்டம் வைத்தார். நாற்பது பேர் வந்தார்கள், வெளியே மைனஸ் இருபது. வாசலில் ஒரு பிரசுரம் கொடுத்தார்கள். அட்டையில் ஒட்டகப் படம். 'பாலைவனத்தில் வசதியாக வாழ இருபத்தொரு குறிப்புகள். தொகுப்பு: வ. பத்மநாதன்.' அதன் கீழே சிறிய எழுத்தில், 'அரேபிய நாடோடி மக்களின் பரம்பரை அனுபவத்திலிருந்து.' புரட்டிப் பார்த்தேன். ஏழாவது குறிப்பு என் தேள். பதினோராவது றம்ஸியின் சாக்கு. பதினாலாவது, மாங்காய் ஊறுகாய் பாலைவனத்தில் பழுதாகாது என்பது. அது பாலேஸ்வரி அக்காவின் கைங்கரியம்.

"பாலைவனத்தோட தொப்புள்கொடி உறவுள்ள எங்கட றவூப் நானா!" என்று என் கணவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கை தட்டினார்கள். நாலாம் மாடி இக்னேசியஸ் எழும்பி, ஒட்டகப் பாலில் தேத்தண்ணி போட்டால் திரையுமா என்று கேட்டார்.

"நான் ஒட்டகம் பாத்தது ஸ்காபரோ மிருகக்காட்சிச்சாலையிலதான்," என்றார் றவூப்.

ஹோல் முழுக்கச் சிரித்தது. எவ்வளவு அடக்கமான மனிசன் என்று எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் மெச்சினாள். நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன். கோபக்காரி என்பார்கள். சொல்லட்டும்.

ஆனால் பங்குனியில் அவர்கள் அரிசோனா போகவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயக்காரி இல்லை. பத்மநாதன் அண்ணையின் கடைசித் தங்கச்சி குணவதி கிளிநொச்சியில் வாழ்க்கைப்பட்டவள். தை மாதத்தோடு அவளிடமிருந்து தகவல் நின்றுபோனது. அந்த வன்னிப் பக்கம் செல் குண்டு விழுகிற செய்திதான் ஒவ்வொரு நாளும் வந்தது. பத்மநாதன் அண்ணை ஆர்வியை மறந்தார். டவுன்ரவுனில் யூனிவர்சிட்டி அவெனியூவில் யுத்தத்தை நிறுத்தச் சொல்லிச் சனம் கூடி நின்றபோது அவரும் பதாகையோடு குளிரில் நின்றார். பாலேஸ்வரி அக்கா சோற்றுப் பார்சல் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். றவூப் மூன்று நாள் போய் அவர் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தார். எனக்குக் கால் வரவில்லை. ரீவியை நிற்பாட்டவும் கை வரவில்லை. அதில் காட்டிய வன்னிப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அழுதேன், அழுகிறேனே என்று என்மேலேயே எரிந்து விழுந்தேன்.

மே மாதம் பதினெட்டாம் திகதியோடு யுத்தம் முடிந்தது என்றார்கள். இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. பத்மநாதன் அண்ணையும் பாலேஸ்வரி அக்காவும். மனிசன் பாதியாகிப் போயிருந்தார். கொப்பி இல்லை, கையில் போன் மட்டும்.

"தங்கச்சி," என்றார். றவூப்பை அல்ல, என்னைப் பார்த்து. "குணவதி உயிரோட இருக்கிறாள். செட்டிகுளத்தில, ஆமி அடைச்சு வைச்சிருக்கிற அகதிக் காம்பில. ரெண்டு பிள்ளையளோட. அவளின்ர மனிசன் உயிரோட இல்லை. பிளாஸ்ரிக் தறப்பாள் கொட்டிலாம், உள்ளுக்க அவியுதாம். நேற்று ஆரோ ஒராளின்ர போனில ரெண்டு நிமிசம் கதைச்சவள். இண்டைக்கும் இந்த நேரம் எடுப்பாளாம். என்ன சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை. நீங்கள் சொல்லிக் குடுங்கோ."

"உங்களிட்ட இருபத்தொரு குறிப்பு இருக்குத்தானே அண்ணை," என்றேன். "வாசிச்சுக் காட்டுங்கோ. ஒட்டகப் படமும் இருக்கு."

சொல்லிவிட்டேன். அவர் தலையைக் குனிந்தார். பாலேஸ்வரி அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். ஒரு கணம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அடுத்த கணம் பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது. இதைவிடக் கேவலமான ஒன்றை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை.

அப்போது போன் அடித்தது. அவர் அதைக் காதில் வைக்கவில்லை. இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"அண்ணாவோ?" என்றது ஒரு பெண் குரல்.

"இல்லைத் தங்கச்சி. நான் ஸகீனா, அண்ணாவின்ர கட்டடத்திலதான் இருக்கிறன். அழாதேயும், நேரம் இல்லை, நான் சொல்லுறதைக் கேளும். தறப்பாளுக்கு மேல ஓலையோ காஞ்ச புல்லோ கிடைச்சதைப் போடும். வெறும் தறப்பாளெண்டா உள்ளுக்க ஆளை அவிச்சுக் கொல்லும். கொட்டிலைச் சுத்தி ஒரு சாணுக்கு வாய்க்கால் வெட்டும், மழை வரமுன்னம், இப்பவே. தண்ணி லொறிக்குக் கானை வரிசையில வைச்சுப்போட்டு நீர் நிழலில இரும். பிள்ளையளின்ர நெஞ்சில ஈரத்துணி போடும். கக்கூசுக்குத் தனியப் போகக் கூடாது, ஒரு பொம்பிளையைத் துணைக்குப் பிடிச்சு வைச்சுக்கொள்ளும்."

"ஓம் அக்கா. ஓம்." ஒவ்வொன்றுக்கும் ஓம் சொன்னாள். பிறகு கேட்டாள். "உங்களுக்கு எப்பிடி அக்கா உதெல்லாம் தெரியும்?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். "நாங்களும் காம்பில இருந்தனாங்கள். புத்தளத்தில. எனக்குச் சோனகத் தெரு."

"நீங்கள் எல்லாரும் போகேக்க நான் வண்ணார்பண்ணையில எங்கட வீட்டுக் கேற்றுக்குள்ள நிண்டு பாத்தனான் அக்கா," என்றாள் குணவதி. "ஒரு செம்பு தண்ணிகூடக் கொண்டந்து தரேல்லை. பயம்." பிறகு, "எவ்வளவு காலம் அங்க இருந்தனீங்கள்?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டாள். நான் ஏழு வருசத்துக்கு மேலாகக் காத்திருந்த கேள்வி. பதில் நாக்கில் தயாராக இருந்தது, ஆண்டு, மாதம், திகதியோடு. அவளுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை இருமிக்கொண்டே இருந்தது.

"ஆறு மாசம்," என்றேன். "ஆறே மாசத்தில விட்டிட்டாங்கள். உங்களையும் விட்டிடுவாங்கள்."

"ஆறு மாசமோ," என்றாள். "அது சமாளிக்கலாம் அக்கா." லைன் அறுந்துபோனது.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். பத்மநாதன் அண்ணையின் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு கொஞ்சம் உயிர் வந்திருந்தது. வைகாசி, ஆனி, ஆடி என்று விரல் விட்டு எண்ணினார்.

"அப்ப கார்த்திகைக்கிடையில வெளியில வந்திடுவாள், என்ன தங்கச்சி? உங்களுக்கும் ஆறு மாசம்தானே?"

ஓம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"பதினொரு வருசம் அண்ணை," என்றார் றவூப்.

சோபாவில் இருந்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எல்லாவற்றையும் விடுகிற மனிசன். பத்மநாதன் அண்ணையின் விரல் ஐப்பசியில் நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், றவூப்பைப் பார்த்தார், பிறகு கதிரையைத் தடவிப் பிடித்து இருந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பத்மநாதன் அண்ணைமேல் அல்ல.

"ஏன் சொன்னனீங்கள்?" என்று என் கணவரைப் பார்த்துக் கத்தினேன். "இப்ப ஏன் சொன்னனீங்கள்?"