விளக்கேற்றாத தீவு

உயர்ந்த கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். பகல் முழுவதும் இருண்ட குழிக்குள், இரும்புக் கயிறுகளின் நடுவே, ஒரு தளத்துக்கும் மறு தளத்துக்கும் இடையில் தொங்கிக்கொண்டிருப்பார். மாலையில் வீடு திரும்பியதும் கிரீஸ் படிந்த கைகளைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பின்னறைக் கம்ப்யூட்டரின் முன் அமர்வார். அதனுள், பல ஆண்டுகளாக அவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்த விளையாட்டுகள் ஒரு நூலகமாக விரிந்திருந்தன.

பிறர் அவற்றை அகரவரிசையில் அடுக்குவர். மெக்கானிக்கோ வானிலைப்படி அடுக்கியிருந்தார். மழை பெய்யும் விளையாட்டுகள் ஒரு தொகுப்பு. பனி மூடியவை மற்றொன்று. இளவெயில் சாய்ந்து விழும் தெருக்களைக் கொண்டவை பிறிதொன்று. அன்றைய மனத்துக்கு எந்த வானம் ஒத்துவருமோ, அதனுள் நுழைவார். ஆயினும் ஒன்றையேனும் அவர் முடித்ததில்லை. கடைசிக் கதவின் முன் வந்து நின்று, சேமித்துவிட்டு, வெளியேறிவிடுவார். சாப்பாட்டிலும் கடைசி வாயை மிச்சம் வைக்கிற மனிதர் என்று மனைவி கேலி செய்வாள். அவர் சிரித்து மழுப்பிவிடுவார்.

அவர் உயிரையே வைத்திருந்தது ஒரு படகு விளையாட்டின் மீது. கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளுக்குப் படகில் சென்று விளக்கேற்ற வேண்டும், அவ்வளவே. அக்கடலில் மழையும் வரும், வெயிலும் காயும். ஆதலால் அது எந்தத் தொகுப்பிலும் அடங்காமல் தனித்து நின்றது. ஒரே ஒரு தீவில் மட்டும் அவர் விளக்கேற்றவில்லை. ஏற்றினால் ஆட்டம் முற்றுப்பெறும். பிறகு பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. எனவே அத்தீவின் கரிய விளிம்பைத் தொலைவிலிருந்து பார்த்தபடி அலைகளின் மேல் மிதந்துகொண்டிருப்பார். பொழுது போவதே தெரியாது.

இந்நிலையில்தான் மனைவியின் தம்பி, பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு, மாவுக்கட்டோடு அக்காள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். வீடு வீடாகப் பார்சல் கொடுப்பவன் அவன். கொடுக்காத பொட்டலம் ஒன்று பையில் கிடந்தால் அவனுக்கு உறக்கம் பிடிக்காது. சும்மா இருந்து அலுத்தவனுக்குக் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டவர் மெக்கானிக்கே. அரைகுறையாகக் கிடந்த விளையாட்டுகளைக் கண்டு, அத்தானுக்கு நேரமில்லை போலும் என்று அவன் இரக்கப்பட்டான். சோறு போடும் வீட்டுக்குத் தன்னாலான உதவியென்று, ஒன்றன்பின் ஒன்றாக முடித்துத் தள்ளலானான்.

"பனியெல்லாம் முடிச்சாச்சு அத்தான். மழையிலயும் பாக்கி இல்ல," என்றான் ஒரு மாலையில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மெக்கானிக் அவன் பின்னால் வந்து பார்த்தார். திரையில் அவருடைய படகு கரிய தீவின் கரையை உரசிக்கொண்டிருந்தது. விளக்கேற்றும் பொத்தானின் மேல் மைத்துனனின் விரல் இருந்தது.

"மாப்ள, கைய எடு."

அத்தானின் குரல் அவ்வளவு தணிந்து அவன் கேட்டதில்லை. கையை எடுத்துவிட்டு, ஏன் என்று கேட்டான். மனைவியிடம்கூடச் சொல்லாததை அவர் அப்போது சொன்னார்.

"இது முடிஞ்சுட்டா, நாளைக்கு நான் எங்க போறது?"

தான் முடித்தவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, மைத்துனனின் முகம் சுண்டிப்போயிற்று. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று முணுமுணுத்தான். போனது போகட்டும் என்று சொல்ல வந்த மெக்கானிக், அதை விட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் அருகில் அமர்ந்தார். கரையோரம் படகு தானாக ஆடிக்கொண்டிருந்தது.

படகைத் திருப்பியவன் மைத்துனனே. கரை ஓசையின்றி விலகியது. ஏற்றி முடித்த தீவுகளின் ஒளி நீரில் நீண்டு நெளிந்தது. அறையின் சுவர்களிலும் அது அலைந்தது. மூவரும் குடியிருக்கும் வீடு கட்டவிழ்ந்து மிதப்பதுபோல் மெக்கானிக்குக்குத் தோன்றிற்று.

சற்றுத் தொலைவு சென்றபின் மைத்துனன் தயங்கிக் கேட்டான். "அப்படி என்னதான் இருக்கு அந்தத் தீவுல?"

"மழை நாள்ல ஒண்ணும் இருக்காது," என்றார் மெக்கானிக். "வெயில் அடிச்சா யாரோ துணி காயப்போட்டிருப்பாங்க. நீலத் துணி."

சாப்பிட அழைக்க வந்த மனைவி, அதைக் கேட்டு, அழைக்காமல் கதவோரம் நின்றாள். மைத்துனன் திரையை உற்றுநோக்கினான்.

"எனக்குத் தெரியலையே அத்தான்."

"கிட்ட இருந்தா தெரியாது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ."