நிற்கிறவனை உட்கார வைத்தல்

...மறுபடியும் தூக்கி நிறுத்திவிட்டார், எத்தனை தடவை சொல்வது இந்த மனுஷனுக்கு, நிறுத்தாதீங்க நிறுத்தாதீங்க என்று வாய் வலிக்கச் சொல்லியாகிவிட்டது, நெல்பேட்டையிலிருந்து கூட்டாளி ஒருவர் வந்து உட்கார்ந்தால் போதும், பிள்ளையைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி, "நிக்கிறான் பாரு மாப்ள, எம்புட்டு பலம்" என்று காட்டியாக வேண்டும் சேக் மைதீனுக்கு. பலமா அது? கால் இரண்டும் கத்தரிக்கோலாகப் பின்னிக்கொண்டு, குதிகால் தரையில் படாமல், விரல் நுனியில் விறைத்து நிற்கிறானே மின்ஹாஜ், அது பலமா? ஷிபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறக்கும்போது மூளையில் பட்ட அடியால் வரும் விறைப்பு, இப்படி நிறுத்தினால் இன்னும் கூடும் என்று தெரபி மேடம் சொன்னபோது இவரும்தானே பக்கத்தில் இருந்தார்... முதலில் கழுத்து, பிறகு முதுகு, பிறகு இடுப்பு, உட்காராத பிள்ளை எப்படி நிற்கும்? நன்றாகத் தலையாட்டினார், வீடு திரும்பும் வழியில் வண்டியூர் தெப்பக்குளம் தாண்டுவதற்குள் மறந்துவிட்டார். மறக்கவில்லை, நம்பவில்லை. ஒன்பது மாதத்திலேயே நின்றுவிட்டான் என்று தெருவெல்லாம் சொன்னவர், அந்தப் பேச்சை எப்படித் திரும்ப வாங்குவார்?

கூட்டாளி போயாகிவிட்டது, இவர் வாசலில் டிவிஎஸ் பிப்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், ஒன்றுமே நடக்காததுபோல. பிள்ளையைப் பாயில் உட்காரவைத்து, பின்னால் தானும் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் அவன் இடுப்பைப் பிடித்தாள். தொடை இன்னும் இளகவில்லை, பாவி மனுஷன், காலையில் நீவிவிட்டதெல்லாம் வீண். முன்னால் கிலுகிலுப்பையை வைத்தாள். சரிந்தான், பிடித்தாள், மறுபக்கம் சரிந்தான், பிடித்தாள். தினமும் இதே வேலைதான், இதைப் பார்க்க எந்தக் கூட்டாளி வருகிறான்? உட்காருவதை யாருக்குக் காட்டுவது, ஊரில் எல்லாப் பிள்ளையும்தானே உட்காருகிறது... கை தளர்ந்தது, கோபத்தில்தான் தளர்ந்ததோ என்னவோ. மின்ஹாஜ் ஆடினான், உள்ளங்கையைப் பாயில் ஊன்றினான், தலை ஒரு பக்கம் போய் மெல்ல நடுவுக்கு வந்தது. அவள் கை அவன்மேல் இல்லை. யா அல்லாஹ், கை அவன்மேல் இல்லை.

என்னங்க என்று தொண்டை வரை வந்துவிட்டது. வந்தால் பார்ப்பார், சிரிப்பார், உக்காந்துட்டான்ல, இனி நடந்துருவான் என்று அந்த நிமிடமே கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துவார். பல்லைக் கடித்துக்கொண்டாள். பெற்றவரிடமே சொல்ல முடியாத சந்தோஷத்தை வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

"என்ன ஷிபா, சத்தத்தையே காணோம், தூங்கிட்டானா?" வாசலிலிருந்து கேட்டார்.

"இல்லங்க," என்றாள், "சும்மாதான் இருக்கான்."