பதினெட்டு மடிப்பு மோதகம்

யாழ்ப்பாணத்தார் புலம்பெயர்ந்து குடியேறிய ரோவில் புறநகரில், ரஞ்சினி வீட்டுப் பிள்ளையார் சதுர்த்தியில் யாருடைய மோதகத் தட்டு முதலில் சாமிக்கு முன் வைக்கப்படுகிறது என்பது சின்ன விஷயம் அல்ல. கணவனின் உத்தியோகம், பிள்ளையின் பல்கலைக்கழகம், வீட்டில் எத்தனை அறை என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான். பதினொரு வருடங்களாக முதல் தட்டு கனகேஸ்வரியுடையது. இதைப் பற்றிப் பிள்ளையார் ஒருமுறையும் அபிப்பிராயம் சொன்னதில்லை. ரஞ்சினி சொல்வாள். அது போதும்.

2009ஆம் ஆண்டு அந்த வீட்டுச் சதுர்த்திக்கு ராதா வந்தாள். கணவனுக்குக் கணினி வேலை, ஊர் கும்பகோணம். வெங்காயம் கூடச் சேர்க்காத சைவம். அவள் கொண்டுவந்த மோதகம் வெற்றிலை மாதிரி மெல்லிசாக இருந்தது. உள்ளே இருந்த பூரணம் வெளியே தெரிந்தது. கனகேஸ்வரியின் மோதகம் யாழ்ப்பாணத்து மோதகம். தவறிக் கீழே விழுந்தால் தரைக்குத்தான் சேதம். அந்த வருடமும் முதல் தட்டு அவளுடையதுதான் என்றாலும், ரஞ்சினி ராதாவின் தட்டை இரண்டு தடவை பார்த்தாள். அந்த இரண்டாவது பார்வை கனகேஸ்வரியை ஒரு வருடம் தூங்கவிடவில்லை.

பன்னிரண்டு மாதம் பயிற்சி செய்தாள். மாவை மெல்லிசாக்கினால் வெடித்தது. வெடிக்காமல் செய்தால் தடித்தது. தோற்றுப்போன மோதகங்களை எல்லாம் சாப்பிட்டுத் தீர்க்கும் பொறுப்பு கணவர் விஜயரத்தினத்துடையது. ஆடி மாதக் கடைசியில் அவர் பொறுமை இழந்தார். இதையெல்லாம் பொக்ஸ் ஹில்லில் ஒரு சீன மனுசி கண்ணை மூடிக்கொண்டு செய்வாள் என்று வாய்விட்டுவிட்டார்.

அப்படித்தான் அவருடைய இரண்டு வருட இரகசியம் வெளியே வந்தது. பூட்டுக்குத் திறப்பு வெட்டுகிற கடைக்கும் கைத்தொலைபேசி திருத்துகிற கடைக்கும் நடுவில் ஒரு குறுகிய சந்து. அதன் முடிவில், குப்பைத் தொட்டிகளைத் தாண்டினால் ஒரு கதவு. பெயர்ப்பலகையில் ஆங்கிலமே இல்லை. ஆறு மேசை. சீனாவின் கிழக்குக் கரையில் நிங்போ என்ற ஊரிலிருந்து வந்த திருமதி சூ, காலை முதல் மாலை வரை கையாலேயே மாவைத் தட்டி, பூரணம் வைத்து, உச்சியில் குடுமி முறுக்கி, மூங்கில் தட்டில் அவித்துக் கொடுப்பாள். ஒரு தட்டு எட்டு டொலருக்கும் குறைவு. அங்கே தான் மரக்கறி மட்டுமே சாப்பிட்டதாக விஜயரத்தினம் சத்தியம் செய்தார். கனகேஸ்வரி அதை நம்பியதாகக் காட்டிக்கொண்டாள். அப்போது அவளுக்கு அதைவிட அவசரமான வேலை இருந்தது.

கடைக்குப் போய்ப் பார்த்தாள். சீன மனுசி செய்தது மோதகம். அச்சு அசல் மோதகம். ஒவ்வொன்றிலும் பதினெட்டு மடிப்பு, எண்ணிப் பார்த்தாள். உள்ளே இருந்ததை மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை.

திருமதி சூவின் மருமகள், ஆங்கிலம் தெரிந்த மெய் என்பவள் மூலமாகப் பேச்சு முடிந்தது. பூரணம் கனகேஸ்வரியுடையது: வறுத்த பயறு, தேங்காய்ப்பூ, சர்க்கரை, ஏலக்காய். நூற்றெட்டு மோதகம் மடித்துக் கொடுத்தால் போதும். நிபந்தனைகள் ஒரு முழுத்தாளில் இருந்தன. புதுப் பலகை, புது மூங்கில் தட்டு, முடியும்வரை இறைச்சியைத் தொடக்கூடாது. கடைசி நிபந்தனை, சாமிக்குப் படைக்கிற பண்டம் என்பதால் யாரும் ருசி பார்க்கக்கூடாது. திருமதி சூ எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சாமி விஷயம் அவளுக்கும் புரியும். கல்லாப்பெட்டிக்கு மேலே அவளும் ஒருவரை வைத்திருந்தாள்.

2010 சதுர்த்தி சனிக்கிழமை வந்தது. காலை ஒன்பது மணிக்குக் கடையில் பெட்டியைத் திறந்து பார்த்த கனகேஸ்வரிக்குக் கண் கலங்கியது. ராதாவுடையது வெற்றிலை என்றால் இது வெங்காயத் தோல். ரஞ்சினி இரண்டு தடவை அல்ல, இருபது தடவை பார்ப்பாள்.

அப்போது மெய் ஒரு நல்ல செய்தி சொன்னாள். நிபந்தனை எல்லாவற்றையும் மாமியார் காப்பாற்றினாராம். பூரணம் மட்டும் உதிர்ந்துகொண்டே இருந்ததாம், மெல்லிய தோலுக்குள் நிற்கவில்லையாம். பாவம், இந்த மனுசிக்கு இனிப்புப் பூரணம் செய்யத் தெரியவில்லை என்று நினைத்து, நிங்போவில் எப்போதும் செய்கிற மாதிரி உருக்கிய பன்றிக் கொழுப்பை விட்டுப் பிசைந்தாராம். அதற்குத் தனியாகக் காசு வேண்டாமாம்.

இறைச்சிதானே கூடாது என்று எழுதியிருந்தீர்கள் என்று மெய் தாளையும் காட்டினாள். எழுதியிருந்ததும் அதுதான். திருமதி சூ அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, நன்றியை எதிர்பார்த்துச் சிரித்தாள். கனகேஸ்வரி நன்றி சொன்னாள். வேறு என்ன சொல்வது?

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் விஜயரத்தினம் மெதுவாக ஆரம்பித்தார்.

"இப்ப ஆருக்குத் தெரியப்போகுது?"

"பிள்ளையாருக்குத் தெரியாதோ?"

"அவருக்குத் தெரியும். ரஞ்சினிக்குத் தெரியாது."

கனகேஸ்வரி யோசித்தாள் என்பதை மறைப்பதில் பயனில்லை. பொக்ஸ் ஹில்லிலிருந்து ரோவில் வரை, எல்லாச் சிவப்பு விளக்கிலும் யோசித்தாள். தன் வீட்டு வாசலில் கார் நின்றபோதுதான் பெட்டியைக் காரின் பின்பக்கத்திலேயே விட்டுவிடச் சொன்னாள். உள்ளே போய், பயறு வறுக்க நேரமில்லாமல், தேங்காய்ப்பூவும் சீனியும் வைத்து ஒன்றரை மணித்தியாலத்தில் இருபத்தொரு மோதகம் பிடித்தாள். பாதி வெடித்திருந்தது. மீதி வெடிக்கும் போலிருந்தது.

ரஞ்சினி அந்தத் தட்டை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ராதாவின் தட்டை எடுத்து முதலில் வைத்தாள். கனகேஸ்வரியின் தட்டு ஐந்தாவதாக, யாரோ கடையில் வாங்கிவந்த லட்டுக்குப் பின்னால் போனது. தேவாரம் பாடும்போது கனகேஸ்வரியின் குரல் மற்றவர்களுடையதைவிட உயர்ந்திருந்தது. பக்தி என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அத்தோடு முடிந்திருக்கும். சாப்பாட்டு நேரத்தில் உட்காரக் கதிரை போதவில்லை. விஜயரத்தினத்தின் காரில் மடக்குக் கதிரைகள் இருந்தன. ரஞ்சினியின் கணவர் இரத்தினசிங்கம் கார்த் திறப்பை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கதிரை வரவில்லை, பெட்டி வந்தது. கனகேஸ்வரி அடுப்படியிலிருந்து வெளியே வருவதற்குள் அவர் மூன்றை முடித்திருந்தார். நல்லதை எல்லாம் காருக்குள் ஒளித்துவைத்துவிட்டு, வெடித்ததைப் பிள்ளையாருக்குக் கொடுத்த கெட்டிக்காரி என்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார். பெட்டியைச் சுற்றிக் கைகள் நீண்டன.

ராதா ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். மடிப்புகளை விரலால் தொட்டாள்.

"எப்படிக்கா இவ்ளோ மெல்லிசா வந்துச்சு? எனக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது. நியாயமா இதுதான் முதல்ல போயிருக்கணும்."

ரஞ்சினியும் கேட்டுக்கொண்டு நின்றாள். தலையை ஆட்டவும் செய்தாள். ஒரு வருடமாகக் கனகேஸ்வரி கேட்க ஏங்கிய வார்த்தை, கேட்க வேண்டிய வாயிலிருந்தே வந்துவிட்டது. அவள் இப்போது செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா சிரித்துக்கொண்டு நின்றால் போதும். ராதா மோதகத்தை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"ராதா, அதைக் கீழ வையும்," என்றாள் கனகேஸ்வரி. "நான் செய்யேல்லை. சீனக் கடையிலை செய்விச்சது. அதுக்குள்ள பன்றிக் கொழுப்பு இருக்கு."

ராதா மோதகத்தை மேசையில் வைத்துவிட்டுக் கையை விரித்தபடியே நின்றாள். ரஞ்சினி, சாமிக்குப் படைத்த தட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள். அது சாமிக்குப் போகவில்லை, பூசை முடியும்வரை பெட்டி காருக்குள்தான் இருந்தது என்று கனகேஸ்வரி இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரத்தினசிங்கம் மட்டும் நாலாவதை மென்றுகொண்டிருந்தார்.

"அதுதானே பாத்தனான்," என்றார், "ஏன் நிப்பாட்டேலாமல் கிடக்கெண்டு."

ராதா கை கழுவிவிட்டு வந்து கனகேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னார்கள். தீட்டு, சாபம், பரிகாரம், காருக்குள் வைத்திருந்தாலும் கூடாது என்று அன்று மாலை முழுவதும் தொலைபேசியில் சொன்னார்கள். கடை எந்தப் பக்கம் என்பதையும், வருங்காலத்தில் தவிர்ப்பதற்காக, விவரமாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை விஜயரத்தினமும் கனகேஸ்வரியும் அந்தச் சந்து வழியே போய்க் கதவைத் திறந்தபோது ஒரு மேசையும் காலியில்லை. ஆறு மேசையில் நாலு மேசை ரோவில் ஆட்கள். எல்லோரும் மரக்கறிதான் சாப்பிடுகிறோம் என்ற முகத்தோடு குனிந்திருந்தார்கள். திருமதி சூ வியர்க்க வியர்க்க ஓடினாள். மூலை மேசையில் இரத்தினசிங்கத்துக்கு இரண்டாவது தட்டு வந்தது. அவருக்கு எதிரே ரஞ்சினி.

கனகேஸ்வரி அருகில் வந்து நின்றும் ரஞ்சினி நிமிரவில்லை. கிண்ணத்திலிருந்த மிளகாய் எண்ணெயைக் கரண்டியால் அள்ளித் தட்டில் விட்டாள்.

"வாற வருசம் நீர் கடலை அவிச்சுக் கொண்டு வாரும்," என்றாள்.

"ஓம்," என்றாள் கனகேஸ்வரி. அந்த மேசையில் இருந்த ஒரே காலிக் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.