அசுரன் முகத்துச் சிவப்பு

மைதிலி அந்த முகத்தை முதலில் பார்த்தது ஒரு தை மாதக் காலையில், சேக்காட்டில், ஷேர் ஆட்டோ ஒரு மாட்டுக்காக நின்றபோது. பாதி கட்டிய வீடொன்றின் முகப்பில், திருஷ்டிப் பொம்மை மாட்டும் இடத்தில், அது பல்லைக் காட்டிக்கொண்டு தொங்கியது. இரண்டு கொம்பு, காது வரை கிழிந்த வாய், ரத்தச் சிவப்பு.

அவள் ஆட்டோவை விட்டு இறங்கிவிட்டாள். யாரிடமாவது பேச வேண்டியிருக்கும் என்பது இறங்கிய பிறகுதான் உறைத்தது.

வழிப்போக்கர்களுக்கு அது திருஷ்டிப் பொம்மை. மைதிலிக்குத் தெரியும், அது இல்லை. தொண்ணூறுகளில் வீடியோ கேம் கேசட் விற்ற கடைகளுக்கு ஏஜென்டுகள் வாசலில் மாட்டக் கொடுத்த பிளாஸ்டிக் முகம் அது. தட்டையான விளம்பரப் பலகைகள் எத்தனையோ கிடைக்கும். இந்த முகம் கிடைக்காது. அவளுக்குத் தெரிந்து கொல்கத்தாவில் ஒன்று இருந்தது, விரிசலோடு. கொச்சியில் ஒன்று, கொம்பில்லாமல். அவ்வளவுதான்.

நாடு முழுக்க முப்பது பேர் இந்தப் பழைய கடைப் பலகைகளைச் சேர்க்கிறார்கள். அவர்கள் போனில் படம் அனுப்புவார்கள். பலகையின் நிலைக்குப் பத்துக்கு இவ்வளவு என்று மைதிலி மதிப்பெண் போடுவாள். அதை யாரும் மறுத்துப் பேசியதில்லை. அவள் குரலை அவர்களில் ஒருவரும் கேட்டதுமில்லை. அவளிடமே பதினொரு பலகைகள் இருந்தன. முகம் மட்டும் இல்லை.

நோட்டை எடுத்து, தெருவில் நின்றபடியே எழுதினாள்: எட்டு.

வீட்டுக்காரர் லோகநாயகி. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் சீருடை தைத்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் வீட்டை முடிக்க வேண்டும் என்று மணல் குவியலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அதுவா? என் தம்பி உதயகுமார் ஆவடி மார்க்கெட்ல வீடியோ கேம் கடை வச்சிருந்தான். கடையை மூடினதும் என் கட்டிலுக்கு அடியில போட்டுட்டுப் போனான். இருபது வருஷம் கிடந்துச்சு. மூஞ்சி பயங்கரமா இருக்கேன்னு மாட்டிட்டேன்."

"எனக்குத் தருவீங்களா ஆன்ட்டி?" இதைக் கேட்க மைதிலிக்கு மூன்று முறை எச்சில் விழுங்க வேண்டியிருந்தது.

"தாராளமா. கிரகப்பிரவேசம் முடியட்டும். அதுக்கு முன்னாடி கழட்டக் கூடாது."

"எப்ப ஆன்ட்டி கிரகப்பிரவேசம்?"

"சித்திரையில."

தை, மாசி, பங்குனி. மூன்று மாதம். மைதிலி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெயின்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். எந்த நிறம் எத்தனை நாள் வெயில் தாங்கும் என்று சொல்வதுதான் வேலை. சிவப்பு முதலில் போகும். வீடோ மேற்குப் பார்த்த வீடு.

மறு வாரம் மாங்காடு கோயில் கடையில் ஒரு நிஜத் திருஷ்டிப் பொம்மை வாங்கிக்கொண்டு போனாள். மீசை, கோரைப்பல், வெளியே தொங்கும் நாக்கு என்று எல்லாம் இருந்தது.

"இதை மாட்டிட்டு அதை எடுத்துக்கறேன் ஆன்ட்டி."

லோகநாயகிக்கு மிகவும் சந்தோஷம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டச் சொன்னார். "ரெண்டு இருந்தா நல்லதுதானே."

கொத்தனார் மதுரைவீரன் சாரத்தில் ஏறி மாட்டினார். பழையது ஆடுகிறது என்று அதன் இரண்டு காதுகளிலும் ஆணியும் அடித்தார். கீழே நின்ற மைதிலிக்கு ஒவ்வொரு அடியும் பல்லில் விழுந்தது. நோட்டில் எழுதினாள்: ஏழு.

பிறகு சோதனைக்கூடத்திலிருந்து வெயில் தடுக்கும் கண்ணாடித்தாள் ஒன்று கேட்டு வாங்கிவந்து, முகத்தின் மேல் ஒட்டித்தரச் சொன்னாள். அடுத்த முறை போனபோது அது மணல் குவியலில் கிடந்தது.

"முகத்தை மூடினா அது எப்படிம்மா பார்க்கும்?" என்றார் லோகநாயகி.

வெள்ளிக்கிழமைதோறும் அவர் அதன் நெற்றியில் நல்லெண்ணெயில் குழைத்த குங்குமம் வைத்தார். சின்னப் பொட்டு இல்லை. உள்ளங்கை அகலம். தாடையில் கம்பி கட்டி எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. ஆறரை. பூச்சு வேலை நடந்தபோது ஒரு கன்னத்தில் சிமென்ட் தெறித்தது. ஆறு.

"ஆன்ட்டி, அந்தக் குங்குமம் மட்டும் வேண்டாமே. கறை பிடிச்சுக்கும்."

"வைக்காம எப்படி?" லோகநாயகி யோசித்தார். அவருக்கு இந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டிருந்தது. "சரி. உனக்காகச் சின்னதா வைக்கிறேன்."

சொன்னபடியே அன்றிலிருந்து ஒரு ரூபாய் அளவுக்கு வைத்தார். எட்டு மாதத்தில் மைதிலி கேட்டு நடந்த ஒரே காரியம் அதுதான்.

சித்திரை வந்தது. வீடு வரவில்லை. தச்சர் நிலைக்கதவுக்குச் சொன்ன மரம் ஒன்று, கொண்டுவந்தது வேறு. டைல்ஸ் ஒட்டுகிறவர் ஊருக்குப் போய்த் தங்கிவிட்டார். மின் இணைப்புக்கு மனுவே போடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அது மெதுவாப் போடலாம்னு இருந்தேன்," என்றார் லோகநாயகி.

கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. முகம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. மைதிலி நாற்காலிக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட சிமென்ட் பாண்டின் மேல் உட்கார்ந்து, தன் போனிலேயே மின் இணைப்பு மனுவைப் போட்டாள்.

அப்படி ஆரம்பித்ததுதான். அலுவலகத்தில் டீ சொல்லக்கூடப் பக்கத்து மேஜைக்காரியை அனுப்புகிறவள், மின்வாரிய அலுவலகத்துக்கு நான்கு முறை போய் நின்றாள். ஐயப்பன்தாங்கலில் ஒரு டைல்ஸ் ஆளைக் கண்டுபிடித்தாள். அவர் நாளைக்கு வருகிறேன் என்று ஒன்பது நாள் சொன்னார். பத்தாம் நாள் அவர் வீட்டு வாசலில் போய் நின்று கூட்டிவந்தாள். தச்சருக்குத் தினமும் காலை ஏழு மணிக்கு போன் செய்தாள். முதல் வாரம் என்ன பேசுவது என்று காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு செய்தாள். இரண்டாம் வாரம் காகிதம் தேவைப்படவில்லை.

மதுரைவீரன் அவளைத் தூரத்தில் பார்த்தாலே பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். "இன்னா தங்கச்சி, மறுபடியும் வந்துகினியா? ஊட்டுக்கார அம்மாவே சும்மா கீறாங்க. உனுக்கு இன்னா அவசரம்?"

"கைப்பிடிச் சுவர் எப்ப முடியும்ணா?"

"பேசிக்கினே கீறேன்ல. முடிஞ்சிரும்."

"போன வாரமும் பேசிக்கிட்டேதான் இருந்தீங்க."

அவர் சித்தாளைப் பார்த்தார். "பாத்தியா? பொண்ணு வந்தப்ப வாயே தொறக்கல. இப்ப மேஸ்திரி ஆயிட்சி."

ஆனி கடைசியில் வேலை முடிந்தது. முடிந்த மறுவாரம் ஆடி பிறந்தது. ஆடியில் யாரும் வீட்டுக்குப் பால் காய்ச்சுவதில்லை. எல்லாம் முடிந்து, பூட்டிய வீட்டின் முகப்பில் ஒரு மாதம் முழுக்க அந்த முகம் வெயில் குடித்தது. மைதிலி தினமும் அந்த வழியாகவே வேலைக்குப் போனாள். சுற்றுவழிதான். ஒவ்வொரு நாளும் நின்று பார்த்தாள். நோட்டில் நான்கரை, நான்கு என்று எழுதினாள். பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

ஆவணியில் ஒரு ஞாயிறு விடிகாலை பால் காய்ச்சினார்கள். மைதிலி குளித்து, புடவை கட்டி, அந்த முகத்தைச் சுற்றி எடுத்துப்போக ஒரு பழைய போர்வையும் எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்கே வந்துவிட்டாள். ஹோமப் புகை, பசுமாடு, இட்லி எல்லாம் முடிந்தன. லோகநாயகியின் காதுக்கருகில் போய் நின்றாள்.

"ஆன்ட்டி, அந்த முகம்."

லோகநாயகி புடவைத் தலைப்பைத் திருகினார். "அதாம்மா, உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன். மாப்பிள்ளை மேல ஒரு மாடி எடுக்கணும்ங்கறார். தையில ஆரம்பிக்கறோம். அதுவரைக்கும் இருக்கட்டுமே. அதை மாட்டினதுலேருந்து ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை."

மைதிலி நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள். நான்கு மூலையிலும் தூண் கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எட்டு மாதமாக நீட்டிக்கொண்டுதான் இருந்தன. சுவரின் அளவு, மின்கம்பியின் அளவு, டைல்ஸின் அளவு எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவள், அந்தக் கம்பிகளை மட்டும் பார்க்கவே இல்லை.

இன்னொரு கோடை. மைதிலிக்கு, அவளே எதிர்பார்க்காத அளவுக்குச் சத்தமாகக் குரல் வந்தது.

"அது நிறைஞ்சு போச்சு ஆன்ட்டி."

பந்தியில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

"எட்டு மாசம் தெருவுல போறவங்க வர்றவங்க கண்ணெல்லாம் வாங்கியிருக்கு. இனிமே அதுல இடம் ஏது? புது மாடிக்கும் அதையே மாட்டினா, வாங்கினதையெல்லாம் அது மாடி மேலதானே இறக்கும்?"

லோகநாயகியின் முகம் மாறியது. "ஆமால்ல," என்றார் மெதுவாக.

"கரீட்டு," என்றார் மதுரைவீரன், இட்லித் தட்டோடு. "இந்தப் பூசணிக்காயோட முச்சந்தில போட்டு ஒடச்சிரலாம். ரெண்டு நிமிஷ வேலை." தட்டை வைத்துவிட்டு சுத்தியலைத் தேடவே ஆரம்பித்தார்.

மைதிலி அவர் வழியை மறித்தாள். "நான் எடுத்துட்டுப் போறேன்."

"ஐயோ, உன் மேல ஏறிடும்மா," என்றார் லோகநாயகி. "கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு."

"அதைத் தினமும் வந்து வெறிச்சுப் பார்த்தது யாரு ஆன்ட்டி? அதுல இருக்கறதுல பாதி என் கண்ணுதான். என்னோடதை நானே எடுத்துட்டுப் போறேன்."

மதுரைவீரன் சிரித்தார். "அதுவும் கரீட்டுதான். இத்த மாதிரி பார்வ நான் எங்கயும் பாத்ததில்ல." ஏணியைச் சாத்தி ஏறினார். ஆணியைப் பிடுங்கும்போது இடது காதின் நுனி உடைந்து கீழே விழுந்தது. மைதிலி அதையும் பொறுக்கிக்கொண்டாள். லோகநாயகி தாம்பூலப் பையோடு எட்டு மாத உழைப்புக்கென்று ஒரு ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுத்து, கண் கலங்கினார்.

"திரும்பிப் பாக்காம போ தங்கச்சி," என்றார் மதுரைவீரன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே ஆவடி ஸ்டேஷனுக்கு வந்து, நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து போர்வையைப் பிரித்தாள். கிட்டத்தில் பார்த்தபோது நினைத்ததைவிட மோசமாக இருந்தது. வெயிலில் போட்ட ரோஸ் கலர் பக்கெட் மாதிரி இருந்தது. சிமென்ட், ஆணித் துளை, உடைந்த காது. மூன்று என்றாலே அதிகம். இதை வேறு யாராவது படமெடுத்து அனுப்பியிருந்தால் மூன்றுகூடப் போட்டிருக்க மாட்டாள்.

கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து நெற்றிக் குங்குமத்தைத் துடைத்தாள். எண்ணெயோடு சேர்ந்து காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது. மெல்ல மெல்லத்தான் வந்தது. இன்னும் சிவப்பு வந்துகொண்டே இருந்தது. துணியைத் திருப்பி மறுபடி துடைத்தாள். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. நெற்றியில் சிவப்பு அப்படியே இருந்தது.

ரத்தச் சிவப்பு. தையில் ஆட்டோவிலிருந்து பார்த்த அதே சிவப்பு. ஒரு ரூபாய் அளவுக்கு, வட்டமாக.

அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு இன்னொரு வட்டம், கொஞ்சம் வெளிறி. அவள் வந்து சொல்வதற்கு முன்னால் வைத்த குங்குமத்தின் அளவு அது. அதற்கு வெளியே ரோஸ். சோதனைக்கூடத்தில் வெயில் விளக்குக்கு அடியில் வைக்கும் தகடுகளில் பாதியை மறைத்துவைத்து நிறத்தை ஒப்பிடுவது அவளுடைய அன்றாட வேலை. இதைவிடச் சுத்தமான சோதனையை அவள் செய்ததில்லை.

அம்பத்தூர் போகும் ரயில் வந்து நின்றது. அவள் எழவில்லை. அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குங்குமம் வேண்டாம் என்று அந்த அம்மாளிடம் சொல்லாமல், பேசாமல் பார்த்துவிட்டுப் போயிருந்தால் நெற்றி முழுக்க மிஞ்சியிருக்கும். வாயே திறக்காதவள், திறக்கக் கூடாத அந்த ஒரு இடத்தில் திறந்திருக்கிறாள். அந்த அம்மாளுக்கும்தான் என்ன? வாரா வாரம் எண்ணெயில் குழைத்தவருக்கு, முகம் முழுக்கப் பூசத் தோன்றியிருக்கக் கூடாதா?

நோட்டை எடுத்தாள். மூன்று என்று எழுதினாள். கொஞ்ச நேரம் கழித்து அதை அடித்துவிட்டு மூன்றரை என்று எழுதினாள்.