தனி பூத்

எங்கள் ஊர்த் தணிகாசலம் டெல்லியிடமிருந்து பிரிந்துவிட வேண்டும் என்று சொல்கிறவர். மேடையில் சொன்னால் கேஸ் ஆகிவிடும் என்று போஸ்டரில் மட்டும் 'தன்னாட்சி' என்று போட்டுக்கொள்வார். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்தால் 'தனிநாடு' என்றே வாய்விட்டுச் சொல்வார். "நம்ம வரிப்பணம், நம்ம தண்ணி, நம்ம புள்ளைங்க படிப்பு, எல்லாத்தியும் எங்கியோ குந்திக்கினு கீறவன் முடிவு பண்றான். நாம இன்னா அவனுக்கு அடிமையா?" நன்றாகத்தான் பேசுவார். நானே கை தட்டியிருக்கிறேன். அவர் பேச்சில் நியாயம் இல்லை என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் அதே வாயால் எங்களைப் பார்த்து, "ஊரை ரெண்டாக்கப் பாக்கறாளுங்க" என்று அவர் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாங்கள் நாடா கேட்டோம்? ஒரு பூத் கேட்டோம்.

பெருநகரிலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில் இருக்கிறது நெடுந்தாங்கல். ஏரிக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஊர். இந்தப் பக்கம் எங்கள் காலனி, அதையும் தாண்டினால் இருளர் குடியிருப்பு. எந்தத் தேர்தலாக இருந்தாலும் ஓட்டுச்சாவடி ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான். ஊர்த் தெருவைக் கடந்து போய், ஊர்ப் பெண்கள் ஓட்டுப் போட்டு முடிக்கிற வரைக்கும் நாங்கள் புளியமரத்தடியில் நிற்க வேண்டும். அப்படி ஒரு சட்டம் எங்கேயும் கிடையாது. ஆனாலும் நின்றோம். காவலுக்கு வந்த போலீஸ்காரர்களும் அதைக் கண்டுகொண்டதில்லை.

தணிகாசலம் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் வெளியே வரும்போது, "இன்னாம்மா, நமக்குத்தானே?" என்பார். தலையை ஆட்டிவிட்டு வருவோம். யாருக்குப் போட்டிருந்தாலும் ஆட்டுவோம். அவர் நிலத்தில்தான் எங்கள் தெருவில் பாதிப்பேருக்கு வேலை. என் புருஷன் ஆல்பர்ட் அவருடைய டிராக்டரை ஓட்டுகிறவன். நான் ஒரகடம் கம்பெனிக்கு பஸ் ஏறிப் போகிறவள், அவர் கூலிக்குக் கை நீட்டாதவள். நானும் தலையை ஆட்டினேன். வெயிலில் நின்றதுகூட எனக்கு மறந்துபோகும். அந்தத் தலையாட்டல்தான் வீட்டுக்கு வந்து சோறு போட்டு உட்கார்ந்தாலும் உள்ளே போகவிடாது.

பாராளுமன்றத் தேர்தலுக்கு நிறைய நாள் இருந்தபோதே நாங்கள் தாலுகா ஆபீசுக்குப் போனோம். பால்வாடிக் கட்டடம் புதுசு, கரண்டு இருக்கிறது, வண்டி நாற்காலி ஏறச் சாய்தளம் இருக்கிறது, காலனியும் இருளர் குடியிருப்பும் சேர்ந்தால் ஓட்டும் போதும் என்றார் அதிகாரி. பூத் பிரிப்பதற்குமுன் எல்லாக் கட்சிக்காரர்களையும் கூப்பிட்டுக் கூட்டம் போடுவார்களாம். அங்கே யாரும் ஆட்சேபணை சொல்லாவிட்டால் பூத் வந்துவிடும்.

ஆட்சேபணை சொல்ல மூன்று கட்சியும் தயாராக இருந்தது. டெல்லிக் கட்சிக்காரர், "நாங்க ஒரே நாடுன்னு சொல்றோம், நீங்க ஒரே ஊரையே பிரிக்கிறீங்களேம்மா" என்று வருத்தப்பட்டார். தணிகாசலம் சொன்னதைத்தான் முன்னாலேயே சொல்லிவிட்டேன். செங்கொடிக் கட்சித் தோழர் சடையப்பன் எங்களுக்கு வேண்டப்பட்டவர், கூலி உயர்வுக்கு எங்களோடு ரோட்டில் உட்கார்ந்தவர். அவரும், "ஒழைக்கறவங்க பிரிஞ்சி நிக்கக்கூடாதும்மா" என்றார். இடது, வலது, தனிநாடு என்று மூன்று பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் அதுவரைக்கும் நான் பார்த்ததில்லை.

தோழர் இன்னொன்றும் சொன்னார். அதுதான் எங்கள் வாயை அடைத்தது.

"இப்ப உங்க ஓட்டும் ஊர் ஓட்டும் ஒரே மிஷின்ல விழுது. யார் யாருக்குப் போட்டாங்கன்னு எவனுக்கும் தெரியாது. தனி பூத் வந்துடுச்சின்னா, காலனி எதுக்குப் போட்டுதுன்னு எண்ணுற அன்னிக்கே தெரிஞ்சிடும். பூத்து பூத்தாத்தான் எண்ணுவாங்க. அப்பறம் உங்களுக்கு வேலை குடுக்கறவன் சும்மா உடுவானா?"

அவர் சொன்னது பொய்யும் இல்லை. மறுநாளே தணிகாசலம் டிராக்டர் ஷெட்டில் ஆல்பர்ட்டைக் கூப்பிட்டு, "டேய், உன் பொண்டாட்டி தனி பூத் வாங்கட்டும். எனக்கு எவ்ளோ விழுதுன்னு பாக்கறேன். கொறஞ்சிதுன்னா எண்ணுன மறுநாளு சாவிய வெச்சிட்டுப் போய்க்கினே இரு" என்று சொல்லி அனுப்பினார்.

ஆல்பர்ட் வீட்டுக்கு வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "உட்டுடு ஷீபா. பூத்து வந்து நமக்கு இன்னா ஆவப்போவுது? எலெக்சனுக்கு ஒருநாளு பேஜாரு. நின்னுட்டு வந்துடலாம்" என்றான்.

"அந்த ஒருநாளுதான்யா நாம ஆளு. அன்னிக்கும் அந்தாளு மூஞ்சப் பாத்துத் தலைய ஆட்டணுமா?"

"டிராக்டர் போச்சின்னா?"

அந்த டிராக்டரை அவன் என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறவன். சேற்றில் இறங்கினால் மண்வாசனையை வைத்தே எந்த கியரில் போடலாம் என்பான். வேலை போய்விடும் என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பயந்தேன் என்பதற்காக விட்டுவிட மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

அந்த மாதம் தணிகாசலத்தின் கட்சித் தலைவர்களில் ஒருவர் வேனில் பிரசாரப் பயணம் வந்தார். எந்தக் கட்சி வண்டி வந்தாலும் எங்கள் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நிற்க வேண்டும். சர்ச்சுக்குப் போகிறவள், கோயிலுக்குப் போகிறவள் என்று அதில் வித்தியாசம் கிடையாது. தட்டைச் சுற்றிவிட்டு, சிவப்புத் தண்ணீரை வண்டிக்கு முன்னால் ஊற்றுவோம், தலைவர் தட்டில் நோட்டுப் போடுவார், வண்டி அந்த ஈரத்தின் மேல் ஏறிப் போகும். ஆரத்திக்கு நின்ற வண்டியை, சுற்றி ஊற்றாமல் கிளப்பமாட்டார்கள். கிளப்பினால் தோற்றுப்போவார்கள் என்று எல்லாக் கட்சிக்காரனுக்கும் பயம். பகுத்தறிவு பேசுகிறவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

காலனி முனையில் வேன் வந்து நின்றது. தலைவர் மைக்கோடு மேலே நின்றார். தணிகாசலம் பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்றார். நாங்கள் தட்டுகளோடு வண்டியின் முகப்பை மறித்து நின்றோம். கற்பூரம் எரிந்தது. யாரும் தட்டைச் சுற்றவில்லை.

"சுத்துங்கம்மா, நேரமாவுது" என்றார் தணிகாசலம்.

"தலைவர் ஒரு வார்த்த சொல்லட்டும், சுத்தறோம்" என்றேன் நான். "ஐயா, நீங்க தனிநாடு கேக்கறீங்க. நாங்க தனி பூத் கேக்கறோம். எங்க பால்வாடில ஓட்டுச்சாவடி வேணும். குடுக்கலாமா, கூடாதா? மைக்கிலயே சொல்லுங்க."

தலைவருக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து தணிகாசலத்தைப் பார்த்தார். "அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம், வண்டிய எடுப்பா" என்றார் தணிகாசலம். டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டான். "ஆரத்தி சுத்தாம நான் எடுக்கமாட்டேண்ணா. நாளைக்கி ஒண்ணு ஆச்சின்னா என்னத்தான் சொல்லுவாங்க."

கற்பூரம் அணைய அணைய நாங்கள் புதிதாக வைத்துக் கொளுத்தினோம். பின்னால் கட்சி வண்டிகள் வரிசையாக ஆரன் அடித்தன. இருளர் குடியிருப்பிலிருந்து தட்டெடுத்து வந்திருந்த தேவி, "எனுக்குக் கை வலிக்கலைங்க, பொறுமையா யோசிச்சிச் சொல்லுங்க" என்றாள். தலைவருக்கு வியர்த்து ஊற்றியது. கடைசியில் மைக்கைத் தூக்கி, "தன் வாக்கைத் தன் மண்ணில் நின்று செலுத்துவது ஒவ்வொரு தமிழரின் உரிமை! இந்த மக்களுக்குத் தனி வாக்குச்சாவடி வேண்டும் என்று நமது கட்சி போராடும்!" என்று முழங்கினார். ஊர்ப் பக்கம் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களிலும் அது கேட்டது.

தணிகாசலம் வேனிலிருந்து குதித்து இறங்கி என் எதிரில் வந்தார். "வாங்கிக்கோ. தனி பூத்துல நீங்க எதுக்குப் போட்டீங்கன்னு எனக்குத் தெரிஞ்சிடும். தெரியும்ல?"

"தெரியட்டும்யா" என்றேன். "தெரியணும்னுதான் கேக்கறோம். இத்தினி வருசமா எங்க ஓட்ட உங்க ஓட்டுக்குள்ள ஒளிச்சி வெச்சோம். இனிமே ஒளிக்கறதா இல்ல."

பிறகு ஆரத்தி சுற்றினோம். தட்டில் நோட்டு விழ நாங்கள் விடவில்லை, கையால் மூடிக்கொண்டோம்.

அதற்குப்பிறகு கூட்டத்தில் தணிகாசலம் எப்படி ஆட்சேபணை சொல்வார்? அவர் கட்சி முழங்கியிருக்கிறதே. அவரே சும்மா இருக்கும்போது டெல்லிக் கட்சிக்காரர் கெட்டபேர் வாங்கிக்கொள்ள விரும்பவில்லை. தோழர் சடையப்பன் காலனிக்கே வந்து, "நான் சொன்னது தப்பும்மா, பயத்துல சொன்னேன்" என்றார். பெரிய மனுஷர்கள் வாயில் அது லேசில் வராது. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது.

பூத் வந்தது. கால்வாயையே எல்லையாக வைத்து, இந்தப் பக்கம் உள்ள வீடு முழுக்க பால்வாடிக்கு என்று பிரித்தார்கள். தணிகாசலம் சாலையோரத்தில் தன் பம்புசெட்டுக்குப் பக்கத்தில் மாடி வீடு கட்டிக் குடிவந்திருந்தார். அந்த வீடு கால்வாய்க்கு இந்தப் பக்கம்! அவர், அவர் மனைவி பச்சையம்மாள், இரண்டு மகன்கள், மருமகள் என்று அந்த வீட்டு ஐந்து ஓட்டும் எங்கள் பூத்தில் வந்து சேர்ந்தது. தாலுகா ஆபீசுக்கு காரை எடுத்துக்கொண்டு ஓடினார். நீங்கள் ஆட்சேபணை சொல்லவில்லையே, இனிமேல் மாற்ற முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மறைக்கவில்லை, நன்றாகச் சிரித்தேன்.

ஓட்டுப்பதிவு அன்று அந்தக் குடும்பம் காலனிக்குள் முதன்முதலாக நடந்து வந்தது. தணிகாசலம் வரிசையில் தேவிக்குப் பின்னால் நின்றார். யாரையும் மரத்தடியில் நிற்கச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. வந்த வரிசைப்படி போனார்கள், வந்த வரிசைப்படி வெளியே வந்தார்கள். வாசலில் எவரும் நாற்காலி போட்டு உட்காரவில்லை. நான் ஓட்டுப் போட்டுவிட்டு மையை ஊதிக்கொண்டே வந்தேன். யாரையும் பார்த்துத் தலையாட்டவில்லை.

எண்ணி முடித்ததும் பூத் வாரியாக ஏஜெண்டுகள் மூலம் தெரிந்துவிட்டது. எங்கள் பூத்தில் செங்கொடிக் கூட்டணிதான் முதல். டெல்லிக் கட்சிக்கும் கொஞ்சம் விழுந்திருந்தது, யார் என்று நான் கேட்கவில்லை. அவரவர் ஓட்டு. தணிகாசலம் கட்சிக்கு விழுந்தது மூன்று.

மறுநாள் காலையில் ஆல்பர்ட் டிராக்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். நானும் கம்பெனிக்குப் போகாமல் கூடவே போனேன். என்னால் வந்தது, நான் எதிரில் நிற்காமல் எப்படி?

தணிகாசலம் வாசலில் உலாத்திக்கொண்டிருந்தார். "வாடா. வெச்சிட்டுப் போ. மொத்தக் காலனிக்கும் சேத்து மூணு ஓட்டு. எனக்குப் போடாதவன் எவனும் என் வூட்டுச் சாவியத் தொடக்கூடாது."

மூன்று என்பது காலனிக் கணக்கு இல்லை, அவர் வீட்டுக் கணக்கே அதில் இடிக்கிறது என்று எனக்குத் தெரியும். டீக்கடையில் ஊரே அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது. ஐந்து பேர் வீட்டில் மூன்று விழுந்தால் மீதி எங்கே என்று கேட்டு அவர் வாயை அடைத்திருக்கலாம். கேட்கவில்லை. நான் கேட்டுவிட்டு என் வீட்டுக்குப் போய்விடுவேன். உள்ளே இருக்கிற பெண்கள் அங்கேயே இருந்தாக வேண்டும்.

"நான் போடலைங்க ஐயா. தெரியட்டும்னு அன்னிக்கே சொன்னேன்" என்றேன். ஆல்பர்ட், "நானும் போடல மொதலாளி" என்றான். அவன் அப்படிச் சொல்வான் என்று நான் நினைக்கவே இல்லை. சாவியை வராந்தாக் கட்டைச்சுவரில் வைத்தான்.

உள்ளேயிருந்து பச்சையம்மாள் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த கொத்துச்சாவியை உருவி, டிராக்டர் சாவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இன்னாடி இது?"

"போடாதவங்க சாவியத் தொடக்கூடாதுன்னு சொன்னீங்களே. பீரோ சாவி, நெல்லு ரூம்பு சாவி எல்லாம் இதுல கீது. பாத்து வாங்கிக்கோங்க."

தணிகாசலத்தின் வாய் திறந்தபடியே நின்றது. பச்சையம்மாளைப் பார்த்தார், சாவிகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். மருமகள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"அத்த, எங்கிட்ட குடுக்கறதுக்குச் சாவி எதுவும் இல்லியே. நான் இன்னா பண்ணட்டும்?"

தணிகாசலம் எங்கள் பக்கம் திரும்பாமலே, "டேய், மேட்டுக் கொல்லை ஓட்டாம கெடக்குது, போ" என்றார். ஆல்பர்ட் சாவியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனான்.

கொத்துச்சாவி அங்கேயே கிடந்தது. பச்சையம்மாள் அதைத் தொடவில்லை. அவரே எடுத்துத் தன் கையில் கொடுக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தாள்.